இடையன்குடி இல்லம்: கால்டுவெல்லும் எலிசா அம்மையாரும்

திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் என்னும் பெருநூலால் உலகறிந்த அறிஞர் இராபர்ட் கால்டுவெல். 1968ஆம் ஆண்டு சென்னையில் நிகழ்ந்த இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டி மெரினாக் கடற்கரையில் நிறுவப்பெற்ற சான்றோர் சிலைகளுள் அவருடைய சிலையும் ஒன்று. அவர் பெயரைக் கேட்ட அளவில் தமிழறிந்தோர் நெஞ்சில் அந்நூலே தோன்றும். ஆயினும் நூலாசிரியர் என்பது அவருடைய வாழ்வின் ஒரு பகுதியே. திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியில், செம்மணல் தேரிக்காட்டின் நடுவே, இடையன்குடி என்னும் சிற்றூரில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இல்லம் நடத்தியவர் அவர். அவ்வில்லத்தின் சரிபாதியைத் தாங்கியவர் அவருடைய துணைவியார் எலிசா அம்மையார். கணவரின் நூலறிவைப் போற்றிய அளவுக்கு மனைவியின் கைப்பணியைத் தமிழுலகம் போற்றியதில்லை. இருவரையும் சேர்த்து நோக்கினாலன்றி அவ்வாழ்வு முழுமையாய் விளங்காது.

கால்டுவெல் 1814ஆம் ஆண்டு மே 7ஆம் நாள் அயர்லாந்தின் வடபகுதியில் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் பிறந்தார். பெற்றோர் ஸ்காட்லாந்தினர். இளமையிலேயே குடும்பம் கிளாஸ்கோ நகருக்குத் திரும்பியது. ஓவியக்கலை பயில விரும்பி டப்ளினில் சில காலம் கழித்தார். பின்னர் சமயப்பணியில் நாட்டங்கொண்டு 1834இல் இலண்டன் மிஷனரி சங்கத்தில் சேர்ந்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பயின்றபோது கிரேக்கப் பேராசிரியர் டேனியல் சாண்ட்ஃபோர்டின் பாடங்கள் மொழிகளை ஒப்புநோக்கும் ஆர்வத்தை அவருள் விதைத்தன. 1838 சனவரியில் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார். அக்கப்பலில் அவரோடு பயணம் செய்தவருள் ஒருவர் தெலுங்குக்கு அகராதி தந்த சி.பி. பிரவுன். சென்னையில் தமிழ் கற்ற காலத்தில், திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் பெயர்த்த துரூ பாதிரியாரின் நட்பும் வாய்த்தது.

மூன்றாண்டுகளுக்குப் பின் ஆங்கிலத் திருச்சபையைச் சேர்ந்த நற்செய்திப் பரப்பு சங்கத்தில் இணைந்த கால்டுவெல், திருநெல்வேலிக்குச் செல்லப் பணிக்கப்பட்டார். பல்லக்கும் குதிரையும் வெள்ளையர்க்கு வழக்கமாயிருந்த காலத்தில் அவர் நடந்தே புறப்பட்டார். சோழநாட்டு ஊர்களைக் கடந்து, நீலகிரிக்கு ஏறி, உதகையில் குருப்பட்டம் பெற்று, கோவையும் மதுரையும் கண்டு 1841ஆம் ஆண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். பயணம் முழுதும் மக்களின் பேச்சைக் காதாரக் கேட்டு வந்தமை, பிற்காலத்தில் அவர் செய்த மொழியாய்வுக்கு நல்லதொரு தொடக்கமாய் அமைந்தது.

இடையன்குடி அந்நாளில் வளமற்ற ஊர். காற்றடித்தால் இடம் பெயரும் செம்மணல், உடைமரம், அவற்றினிடையே கண்ணுக்கெட்டிய தொலைவுவரை பனை. அங்கு முன்பே சிறு கிறித்தவக் குடியிருப்பு ஒன்று இருந்தது. மக்களுள் பெரும்பாலோர் பனைத்தொழிலாளர். பருவகாலத்தில் ஓர் ஆடவர் நாளொன்றுக்கு நாற்பது ஐம்பது பனைகளில் காலையும் மாலையும் ஏறி இறங்குவார். இறக்கிய பதநீரை அன்றே காய்ச்சிக் கருப்பட்டி ஆக்காவிடில் அது புளித்துவிடும். ஆதலால் பெண்டிர் அடுப்படியை விட்டு அகல இயலாது. இத்துணை உழைத்தும் பருவம் கழிந்தால் கையில் மிஞ்சுவது கடனே. இந்த ஊரை உறைவிடமாகக் கொண்ட இளைஞர், சிதறிக் கிடந்த குடிசைகளுக்கு மாறாக நேரான அகன்ற தெருக்களை வகுத்தார். கிணறுகள் தோண்டச் செய்தார், மரங்கள் நட்டார். டப்ளினில் ஓவியம் பயின்ற கண் இங்கே ஓர் ஊரின் வரைபடத்தைத் தீட்டியது.

1844ஆம் ஆண்டு மார்ச் 20ஆம் நாள் நாகர்கோவிலில் கால்டுவெல்லின் திருமணம் நிகழ்ந்தது. மணமகள் எலிசா, அந்நகரில் பணியாற்றிய சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் இணையரின் மகள். 1822இல் பிறந்தவர். மார்த்தா அம்மையார் நாகர்கோவிலில் பெண்களுக்கெனப் பள்ளி நடத்தியவர். தென்திருவிதாங்கூரில் லேசுப் பின்னலைக் கற்பித்தவர். அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலர் அப்பின்னலால் ஈட்டிய பொருளைக் கொண்டே தம் விடுதலையை விலைகொடுத்துப் பெற்றனர். அந்தப் பள்ளியின் சூழலில் வளர்ந்தவர் எலிசா. கணவர் சென்னையில் முயன்று கற்ற தமிழ், மனைவிக்குச் சிறு வயதிலேயே காதில் விழுந்த தமிழ். மக்களின் பேச்சு வழக்கில் அம்மையாருக்கிருந்த பழக்கம் கணவருக்குப் பெருந்துணையாயிற்று.

மிஷனரியை ஐயர் என்றும் அவர் துணைவியாரை அம்மா என்றும் அழைப்பது திருநெல்வேலிக் கிறித்தவர் வழக்கம். இடையன்குடியில் இவ்விருவரின் நாள் கதிரவன் எழுமுன்னரே தொடங்கியது. காலை வழிபாடு முடிந்ததும் பள்ளிகளைப் பார்வையிடும் பணி ஐயரை எதிர்நோக்கியிருக்கும். சுற்றூர்களில் ஊழியம் செய்த உபதேசியார்கள் குறித்த நாளில் கூடுவர். அவர்களுக்குப் பாடம் நடத்துவதும், அவரவர் ஊர் நிலையைக் கேட்டறிவதும் உண்டு. நிலத்தகராறு, மணமுறிவு, கடன் தொல்லை எனப் பலவகை வழக்குகள் வாயிலில் வந்து நிற்கும். காய்ச்சலுக்கும் பேதிக்கும் மருந்து கேட்டு வருவோரும் உண்டு. வெயில் தாழ்ந்தபின் அருகிலுள்ள சிற்றூர் ஒன்றுக்குச் செல்ல வேண்டும். இவற்றுக்கிடையே எஞ்சிய பொழுதே ஏட்டுக்கும் எழுத்துக்கும் உரியது.

அம்மையாரின் நாள் இதனினும் குறைந்ததன்று. இடையன்குடியில் அவர் பெண்களுக்கு உறைவிடப் பள்ளியைத் தொடங்கினார். பெண்குழந்தை படிப்பதால் என்ன பயன் என்று கேட்கப்பட்ட காலம் அது. விறகு பொறுக்கவும் தம்பி தங்கையரைப் பேணவும் வேண்டிய சிறுமியைப் பள்ளிக்கு அனுப்புவது ஏழைக் குடும்பத்திற்கு இழப்பே. இந்த இடர்ப்பாட்டை அம்மையார் சொல்லால் எதிர்கொள்ளவில்லை. தம் தாயிடம் கற்ற தொழிலால் எதிர்கொண்டார். திண்டின்மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு கட்டைகளை இடமும் வலமும் மாற்றி மாற்றிப் பின்னும் லேசுத் தொழிலை இடையன்குடிப் பெண்களுக்குக் கற்பித்தார். பனைப் பருவம் ஆண்டில் சில மாதங்களே. பின்னல் வேலைக்கோ பருவமில்லை. வீட்டில் அமர்ந்து செய்யலாம். கூலி பெண்ணின் கைக்கே வரும். பணம் ஈட்டும் மகளைப் படிக்க விடுவதில் பெற்றோருக்குத் தடையும் குறைந்தது. இடையன்குடி லேசு பின்னர்ப் பெயர் பெற்ற சரக்காயிற்று. ஏழு மக்களைப் பெற்று வளர்த்த தாய் இவற்றையும் செய்தார் என்பதை மறத்தலாகாது.

இத்தகைய இல்லத்திலிருந்தே ஒப்பிலக்கணம் பிறந்தது. 1854இல் தாயகம் சென்ற கால்டுவெல் அங்கிருந்த நாளில், 1856ஆம் ஆண்டு இலண்டனில் அதன் முதற்பதிப்பை வெளியிட்டார். தென்னாட்டு மொழிகள் வடமொழியின் வழிவந்தவை என்ற கருத்து அறிஞரிடையே மேலோங்கியிருந்தது. 1816ஆம் ஆண்டிலேயே எல்லிஸ் என்பார் அதனை மறுத்துத் தென்மொழிகள் தனிக்குடும்பம் என்பதைச் சுட்டியிருந்தார். அவர் சுட்டியதைப் பரந்த சான்றுகளால் நிலைநாட்டியவர் கால்டுவெல். தமிழின் நான், மலையாளத்தின் ஞான், கன்னடத்தின் நானு, தெலுங்கின் நேனு ஆகிய தன்மைப் பெயர்களையும், எண்ணுப் பெயர்களையும், வேற்றுமை உருபுகளையும், வினை அமைப்பையும் அருகருகே வைத்துக் காட்டினார். கடன் வாங்கிய சொற்கள் எத்துணை மிகினும் ஒரு மொழியின் எலும்புக்கூடு இலக்கண அமைப்பே என்பது அவர் முறை. வடசொற்களை நீக்கினாலும் தமிழ் தனித்து இயங்கவல்லது என்று அவர் வலியுறுத்தியது, தமிழர் தம் மொழியைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணத்தையே மாற்றியது.

1873 முதல் 1875 வரை மீண்டும் தாயகத்தில் தங்கிய காலத்தில் அந்நூலைத் திருத்தி விரித்து இரண்டாம் பதிப்பாக்கினார். அதில் திராவிட மொழிகளின் தொகை பன்னிரண்டாயிற்று: தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம், துளு, குடகு ஆகிய ஆறும், துதம், கோதம், கோண்டு, கூ, ஓராவோன், இராசமகால் ஆகிய ஆறும். செந்தமிழ் நூல் வழக்கை மட்டுமன்றிப் பேச்சு வழக்கையும் அவர் சான்றாகக் கொண்டமை கருதத்தக்கது. ஏட்டில் மட்டும் தமிழைக் கண்டவர்க்கு அது எளிதன்று. வழக்குத் தீர்க்கவும் மருந்து கேட்கவும் வாயிலில் நின்றோரின் சொல்லை நாள்தோறும் கேட்டவர்க்கே அது கைகூடும்.

எனினும் இவ்வாழ்வில் ஒரு வடு உண்டு. அதனை மறைத்து எழுதுவது வரலாறாகாது. ஒப்பிலக்கணத்திற்கு ஏழாண்டுகள் முன்னர், 1849இல், தம்மைச் சூழ்ந்து வாழ்ந்த பனைத்தொழில் மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். ஊரில் எட்டாண்டு வாழ்ந்து கண்டவற்றை அதில் பதிந்திருந்தார். ஆனால் அம்மக்களின் வழிபாட்டையும் அறிவுத்திறனையும் தாழ்த்தியுரைக்கும் பகுதிகளும் அதில் இருந்தன. அவர்கள் ஈழத்திலிருந்து வந்து குடியேறியவர் என்றும் எழுதினார். மேலைநாட்டு வாசகர்க்காக எழுதப்பெற்ற நூல், எழுதப்பட்டவர் கைக்கு வந்து சேராது என்று அக்காலத்தோர் எண்ணினர் போலும்.

அந்த எண்ணம் பிழையாயிற்று. மிஷன் பள்ளிகளே அம்மக்களுக்கு எழுத்தறிவையும் ஆங்கிலத்தையும் தந்தன. வணிகத்தாலும் கல்வியாலும் உயர்ந்து வந்த நாடார் சமூகத்தார் தம்மைப் பற்றி எழுதப்பட்டதைத் தாமே படித்தனர். மிஷனை விட்டு விலகித் தனித் திருச்சபை கண்டவரும் சட்டாம்பிள்ளை எனப்பட்டவருமான அருமைநாயகம் கடுமையாக எதிர்த்து நின்றார். 1880களில் அச்சமூகத்தினர் நூலைக் கண்டித்து மேலிடங்களுக்கு விண்ணப்பங்கள் அனுப்பினர். முதுமையில் கால்டுவெல் எதிர்கொண்ட பெருந்துன்பம் அது. தமிழ்மொழிக்குப் பிறர் கற்பித்த இழிவைத் துடைத்தவர், தமிழ் பேசிய எளிய மக்களுக்குத் தம் எழுத்தால் இழிவு நேரச் செய்தார். அவ்விழிவை மறுக்கும் ஆற்றலை அம்மக்களுக்குத் தந்ததில் அவருடைய பள்ளிகளுக்கும் அம்மையாரின் பள்ளிக்கும் பங்குண்டு என்பதும் உண்மை. இரண்டனுள் ஒன்று மற்றொன்றை அழித்துவிடாது. இரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்வதே நேர்மை.

இடையன்குடியின் நடுவே ஓங்கி நிற்கும் தூய திரித்துவ ஆலயம் இவ்விணையரின் பொறுமைக்குச் சான்று. 1847இல் அடிக்கல் நாட்டப்பெற்ற அவ்வாலயம் 1880இல்தான் நிறைவுற்றது. முப்பத்து மூன்று ஆண்டுகள்! கால்டுவெல்லே வரைபடம் அமைத்தார். கூர்வளைவுச் சாளரங்களை முன்பின் கண்டிராத உள்ளூர்க் கொத்தர்களுக்கு விளங்கும்பொருட்டு அவர் களிமண்ணால் மாதிரி செய்து காட்டினார் என்பர். பொருள் கிடைத்தபோது சுவர் எழுந்தது, கிடைக்காதபோது நின்றது. அடிக்கல் நாட்டியபோது அவருக்கு வயது முப்பத்து மூன்று. நிறைவு விழாவின்போது அறுபத்தாறு.

ஆலயம் எழுந்த அவ்வாண்டுகள் வேறு பணிகளாலும் நிறைந்தவை. பவர் தலைமையில் தமிழ் விவிலியத்தைத் திருத்திய குழுவில் கால்டுவெல் உறுப்பினராயிருந்தார். நற்கருணைத் தியானமாலை, தாமரைத் தடாகம் முதலியவற்றைத் தமிழிலேயே எழுதினார். பழைய பாண்டியத் துறைமுகங்களாகிய கொற்கையிலும் காயலிலும் மண்ணை அகழ்ந்து தாழிகளையும் பழம்பொருள்களையும் ஆராய்ந்தார். 1877 மார்ச் 11ஆம் நாள் கல்கத்தாவில் சார்ஜென்ட் என்பாரோடு சேர்த்து அவருக்கும் உதவி ஆயர் பட்டம் அளிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது அறுபத்திரண்டு. தென்னாட்டைப் பெரும்பஞ்சம் வாட்டிய காலம் அது. பட்டம் பெற்றுத் திரும்பியவரை வரவேற்றது பசியால் வாடிய ஊர்களே. கஞ்சிக்கும் வேலைக்கும் வழிசெய்வதே அந்நாளில் மிஷன் இல்லங்களின் முதற்பணியாயிற்று. 1881இல் திருநெல்வேலி மாவட்டத்தின் அரசியல் பொது வரலாற்றை வெளியிட்டார். ஒரு மாவட்டத்தின் வரலாற்றைக் கல்வெட்டு, பயணியர் குறிப்பு, அரசு ஆவணம் ஆகியவற்றைக் கொண்டு எழுதிய முன்னோடி நூல்களுள் அதுவும் ஒன்று.

1883இல் சாயர்புரத்திலிருந்த கல்லூரி தூத்துக்குடிக்கு மாற்றப்பட்டபோது, கால்டுவெல் இணையரும் அந்நகருக்குக் குடிபெயர்ந்தனர். அறுபத்தொன்பது வயதில் புதியதோர் ஊர். செம்மணலையும் பனையையும் விட்டுக் கடலோர வணிக நகருக்கு வந்தனர். அக்கல்லூரியின் வழிவந்த பள்ளி இன்றும் கால்டுவெல் பெயரால் தூத்துக்குடியில் விளங்குகின்றது. இளமை முதலே வலுவற்ற உடல்நிலை, முதுமையில் மேலும் தளர்ந்தது. கோடையின் வெப்பந் தாங்காது கொடைக்கானல் மலையில் தங்குவது வழக்கமாயிற்று. தாயகத்துக்கே திரும்பி இளைப்பாறும் உரிமை அவர்களுக்கு இருந்தது. எனினும் இருவரும் திரும்பவில்லை. எலிசா அம்மையாருக்கோ இங்கிலாந்து பெற்றோரின் நாடு. நாகர்கோவிலும் இடையன்குடியுமே வாழ்ந்த நாடு.

1891ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கால்டுவெல் ஆயர் பொறுப்பினின்று விலகினார். அவ்வாண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் கொடைக்கானலில் தம் எழுபத்தேழாம் வயதில் இயற்கை எய்தினார். அவருடைய உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு, தென்கோடி வரை கொண்டுசெல்லப்பட்டு, அவரே எழுப்பிய இடையன்குடி ஆலயத்தின் பீடத்தருகே அடக்கம் செய்யப்பட்டது. நாற்பத்தேழு ஆண்டுகள் உடன் வாழ்ந்த அம்மையார் மேலும் எட்டாண்டுகள் இருந்து 1899இல் மறைந்தார். அவருக்கும் அவ்வாலயத்திலேயே இடம் வாய்த்தது.

கணவரின் நினைவுக் குறிப்புகளை மருமகன் ஜே.எல். வையட் தொகுத்து 1894இல் வெளியிட்டார். 1913இல் ஒப்பிலக்கணம் சில பகுதிகள் நீக்கப்பட்டு மூன்றாம் பதிப்பாக வந்தது. 2010இல் இந்திய அஞ்சல் துறை கால்டுவெல்லுக்கு அஞ்சல்தலை வெளியிட்டது. 2011இல் தமிழக அரசு இடையன்குடி இல்லத்தை நினைவில்லமாக்கியது. அம்மையாருக்கென நூல் இல்லை, சிலை இல்லை. அவருடைய பணி ஏட்டில் பதியத்தக்க வகையினது அன்று. எழுத்தறிந்த ஒரு பெண் தன் மகளுக்குக் கற்பித்ததும், பின்னல் கூலியால் ஒரு வீட்டில் அடுப்பெரிந்ததும் எந்தப் பதிப்பிலும் இடம்பெறுவதில்லை.

மொழிநூல் வல்லாரின் வரலாற்றை நூல்களின் பட்டியலாக எழுதிவிடுவது எளிது. ஆனால் பதநீர் காய்ச்சும் புகையும், பள்ளிச் சிறுமியரின் பாடவொலியும், வாயிலில் நின்றோரின் முறையீடும் சூழ்ந்திருந்த ஓர் இல்லத்தில்தான் தமிழின் தனித்தன்மை உலகுக்கு உணர்த்தப்பட்டது. அவ்வில்லம் நினைவில்லமாகிவிட்ட இந்நாளில், அதன் வாயிலில் எழுதவேண்டிய பெயர்கள் இரண்டு.